தூள் தானாகத் தீப்பிடிக்குமா? வலைக் கூண்டுச் சோதனை, படிப்படியாக

லேபில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுகிற கேள்வி ஒன்று உண்டு. "சார், இந்தப் பொடி எத்தனை டிகிரியில் தானாகத் தீப்பிடிக்கும்?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எவ்வளவு பொடி?" ஒரு கரண்டியா, ஒரு மூட்டையா, கன்டெய்னர் நிறையவா என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. கரண்டியளவில் 200 டிகிரியிலும் சும்மா கிடக்கிற தூள், கிடங்கில் மலைபோல் குவிந்திருக்கும்போது வெயில்கால வெக்கையிலேயே புகைய ஆரம்பிக்கலாம். (இந்தக் கட்டுரையில் டிகிரி என்றால் எல்லா இடத்திலும் செல்சியஸ்தான்.)

காரணம் எளியது. பல தூள்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சத்தமில்லாமல் வினைபுரிந்துகொண்டே இருக்கின்றன. அதில் கொஞ்சம் சூடு பிறக்கும். தட்டில் பரப்பி வைத்தால் பிறந்த சூடு உடனே காற்றோடு போய்விடும். குவித்து வைத்தால் நடுவில் பிறந்த சூடு வெளியே வர வழியில்லாமல் தங்கும். தங்கிய சூடு வினையை முடுக்கும், முடுக்கிய வினை இன்னும் சூட்டைக் கிளப்பும். ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டுவிட்டு நாலு நாள் கழித்து உள்ளே கை விட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வைக்கோலில் சூட்டைத் தொடங்கி வைப்பது நுண்ணுயிர்கள். ஆனாலும் சூடு தங்குகிற கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

அந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். 25 மி.மீ. பக்கமுள்ள கனசதுர வலைக் கூண்டில் சுமார் 16 மில்லி தூள் கொள்ளும். 100 மி.மீ. பக்கமுள்ளதில் சரியாக ஒரு லிட்டர். பக்கம் 4 மடங்கானால் மேற்பரப்பு 16 மடங்கு, கொள்ளளவு 64 மடங்கு. அதாவது பெரிய கூண்டில் ஒவ்வொரு கிராமுக்கும் கிடைக்கிற மேற்பரப்பு, சின்னதில் கிடைத்ததில் கால்வாசிதான். சோதனையில் இந்த இரண்டு அளவுக் கூண்டுகளையே பயன்படுத்துகிறோம்.

இங்கே சொல்லப்போவது ஐ.நா.வின் 'சோதனைகளும் அளவுகோல்களும்' கையேட்டிலுள்ள என்.4 சோதனை. தானாகச் சூடேறும் பொருள்களை, அதாவது சரக்குப் போக்குவரத்தில் 4.2 பிரிவில் வருகிறவற்றை, இதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். இதற்கு அளவுகோலாக எடுத்துக்கொண்ட பொருள் மரக்கரி. 27 கன மீட்டர், அதாவது ஆளுயரத்தைத் தாண்டி 3 மீட்டர் பக்கமுள்ள ஒரு கரிக் குவியல், 50 டிகிரி சூழலில் தானாகப் பற்றும். அவ்வளவு பெரிய குவியலை எந்த லேபிலும் வைத்துப் பார்க்க முடியாதே. அதனால் அதற்கு ஈடாக ஒரு லிட்டர் கூண்டை 140 டிகிரியில் வைக்கிறோம். அளவைக் குறைத்ததற்குப் பதிலாக வெப்பநிலையை ஏற்றிக்கொள்கிறோம், அவ்வளவுதான். 140 என்பது ஏதோ மந்திர எண் என்று நினைத்துக்கொண்டு வருடக்கணக்கில் சோதனை செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஓவனைத் தொடும் முன்

முதல் வேலை நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை. பொருளின் பாதுகாப்புத் தாளை வரி விடாமல் படியுங்கள். வெடிபொருள், கரிமப் பெராக்சைடு, காற்றில்லாமலே தானாகச் சிதையும் பொருள், ஆக்சிஜனேற்றியும் எரிபொருளும் கலந்த கலவை என்று எதுவாக இருந்தாலும் இந்த ஓவனுக்குள் போகக் கூடாது. ஒரு லிட்டர் தூளை மூடிய பெட்டிக்குள் 140 டிகிரியில் இரவு முழுக்க வைக்கப்போகிறீர்கள் என்பது நினைவிருக்கட்டும். சந்தேகம் இருந்தால் சீனியரிடம் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் வேலையை விட்டு அனுப்பியதில்லை.

அடுத்தது, காற்றுப் பட்டதுமே பற்றுகிற பொருளா என்று பார்ப்பது. இதற்கு என்.2 சோதனை: ஒன்றிரண்டு மில்லி தூளை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து, எரியாத தளத்தின் மேல் கொட்ட வேண்டும். விழும்போதோ, விழுந்து 5 நிமிடத்துக்குள்ளோ பற்றுகிறதா என்று கவனிக்க வேண்டும். பற்றாவிட்டால் மொத்தம் ஆறு தடவை. ஒரு தடவை பற்றினாலே போதும், கூண்டுச் சோதனைக்கு அவசியமில்லை, அது காற்றுப் பட்டதுமே பற்றும் வகை.

மூன்றாவது, டி.எஸ்.சி. கருவியில், அதாவது மாதிரியைச் சீராகச் சூடேற்றி அது உமிழும் சூட்டை அளக்கிற கருவியில், சில மில்லிகிராம் மாதிரியை ஓட்டிப் பார்ப்பது. சிதையும்போது கிராமுக்கு 300 ஜூலுக்குக் கீழே சூடு வந்தால் தானே சிதையும் வகை என்ற கவலை இல்லை. 500 ஜூலுக்குக் கீழே என்றால் வெடிபொருள் என்ற கவலையும் பெரும்பாலும் இல்லை. ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. மூடிய கிண்ணத்தில் காற்று அநேகமாக இல்லை. ஆகவே அந்த வரைகோடு சிதைவைக் காட்டும், காற்றோடு நடக்கிற மெதுவான எரிதலைக் காட்டாது. "டி.எஸ்.சி.யில் ஒன்றும் வரவில்லை, அதனால் தானாகச் சூடேறாது" என்று எழுதிய அறிக்கை ஒன்று என் மேசைக்கு வந்திருக்கிறது. கரித்தூளுக்கு எழுதியிருந்தார்கள்!

காற்றோடு சேர்த்து முன்னோட்டம் பார்க்க வேண்டுமென்றால் கிரேவர் ஓவன் இருக்கிறது. சிறிய மாதிரிகளின் ஊடாகச் சூடான காற்றைச் செலுத்தி, எந்த வெப்பநிலையில் சூடேற்றம் தொடங்குகிறது என்று பார்க்கும் கருவி அது. தொடக்கம் 220 டிகிரிக்கு மேலே இருந்தால், அதாவது 140-ஐவிட 80 டிகிரி தள்ளி இருந்தால், கூண்டுச் சோதனையே தேவையில்லை என்று வகைப்பாட்டு விதிகள் ஒப்புக்கொள்கின்றன. இன்னொரு விலக்கும் உண்டு. 160 டிகிரிக்குள் முழுக்க உருகிவிடும் பொருளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. உருகுவதற்கே சூடு செலவாகும், உருகியபின் காற்றுப் படும் பரப்பும் சுருங்கிவிடும். பாதி உருகி பாதி தூளாக நிற்பதற்கு இந்தச் சலுகை கிடையாது.

கூண்டும் கம்பியும்

கூண்டு என்பது துருப்பிடிக்காத எஃகு வலையில் மடித்த, மேற்புறம் திறந்த கனசதுரம். வலைக்கண் 0.05 மி.மீ. காற்று புக வேண்டும், தூள் கசியக் கூடாது, அதற்குத்தான் இத்தனை நுணுக்கமான வலை. இந்தக் கூண்டை அதைவிடச் சற்றுப் பெரிய, 0.6 மி.மீ. கண்ணுள்ள இரண்டாவது வலைப் பெட்டிக்குள் வைப்பார்கள். அதையும் சேர்த்து 150, 150, 250 மி.மீ. அளவுள்ள வெளிக்கூண்டுக்குள் வைத்து ஓவனின் நடுவில் தொங்கவிடுவார்கள். ஓவன் விசிறியின் காற்று நேராகத் தூளின் மேல் வீசிச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்கான திரை இது. "எதற்கு இத்தனை கூண்டு" என்று வெளிக்கூண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டினால், அபாயமான பொருளும் நல்ல பிள்ளையாகத் தெரியும்.

ஓவன் 9 லிட்டருக்கு மேல் உட்கொள்ளளவு உள்ளதாகவும், உள்ளே காற்று சுழல்வதாகவும், 140 டிகிரியை இரண்டு டிகிரி முன்பின்னாகப் பிடித்து நிற்பதாகவும் இருக்க வேண்டும். ஓவனின் புகைவழி வெளியேற்றும் குழாயோடு இணைந்திருக்க வேண்டும். அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும். இந்தக் கடைசி இரண்டும் இல்லாத இடத்தில் நான் இந்தச் சோதனையைச் செய்ய மாட்டேன், உங்களையும் செய்யச் சொல்ல மாட்டேன்.

வெப்பம் அளக்க இரண்டு தெர்மோகப்பிள். குரோமல்-அலுமல் வகை, 0.3 மி.மீ. தடிமன். ஒன்று தூளின் நட்டநடுவில், மற்றொன்று கூண்டுக்கும் ஓவன் சுவருக்கும் இடையில். மெல்லிய கம்பி ஏன் என்றால், தடித்த கம்பி தானே ஒரு குழாய்போல நடுவிலுள்ள சூட்டை வெளியே இழுத்துவந்துவிடும்.

தூளை நிரப்புவது

மாதிரி வந்த நிலையிலேயே சோதிக்க வேண்டும். காய வைக்கிறேன், சலிக்கிறேன், அரைக்கிறேன் என்று இறங்காதீர்கள். அரைத்தால் பரப்பு கூடி முடிவு ஒருபக்கம் சாயும். முன்கூட்டியே காய வைத்தால், ஆபத்தான வினையில் பாதியை அங்கேயே முடித்துவிட்டுத்தான் கூண்டுக்கு வரும். மாதிரி புதிதாகவும் இருக்க வேண்டும். கரித்தூள் திறந்த பாத்திரத்தில் சில வாரம் கிடந்தாலே அதன் மேற்பரப்பு காற்றோடு வினைபுரிந்து களைத்துவிடும். அப்புறம் அது சூளையிலிருந்து நேராக வந்த கரியைப்போல் நடந்துகொள்ளாது.

கப்பல் விதிகள் இதையே பாதுகாப்பு வழியாக்கி வைத்திருக்கின்றன. கரியைப் பொதியும் முன் 14 நாள் காற்றாட வைக்க வேண்டும், பொதிகிற நாளில் அதன் சூடு 40 டிகிரியைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனைகள் 2026 ஜனவரி முதல் கட்டாயம். அதுவரை என்.4 சோதனையில் தேறிய சான்றைக் காட்டிக் கரியைச் சாதாரணச் சரக்காக ஏற்ற முடிந்தது. இப்போது அந்த வழி அடைக்கப்பட்டுவிட்டது. கரிச் சரக்கால் கன்டெய்னர் கப்பல்களில் பல தீவிபத்துகள் நடந்த பிறகு வந்த மாற்றம் அது. சோதித்த ஒரு லிட்டருக்கும் கன்டெய்னரில் ஏறுகிற பத்து டன்னுக்கும் இடையில் என்னவெல்லாம் மாறலாம் என்பதை யோசித்தால் காரணம் புரியும்.

சரி, நிரப்புவோம். காலிக் கூண்டை எடை போடுங்கள். தூளை விளிம்புவரை போட்டு, மேசையில் சில தடவை தட்டுங்கள். அமுங்கினால் இன்னும் போடுங்கள். மேலே கூம்பாக நின்றால் ஸ்கேலால் வழித்து மட்டமாக்குங்கள். கையால் அழுத்தித் திணிக்கக் கூடாது. மறுபடி எடை போட்டால் மொத்த அடர்த்தி கிடைக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை நிரப்பி எடை பெரிதாக மாறினால் உங்கள் கை இன்னும் பழகவில்லை என்று அர்த்தம்.

தெர்மோகப்பிள் நுனி மேலிருந்து 50 மி.மீ. ஆழத்தில், நான்கு பக்கத்திலிருந்தும் 50 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். கூண்டின் குறுக்கே ஒரு கம்பியை வைத்து அதில் கட்டிவிடுங்கள், சும்மா செருகினால் நகரும். என் முதல் வருடத்தில் அப்படித்தான் நடந்தது. ஒரு கரிமச் சாயத் தூள் 190 டிகிரிவரை ஏறி இறங்கியது. ஓவனின் 140-ஐவிட 60 டிகிரி கூடுவதுதான் எல்லை, அதாவது 200. எல்லைக்கு உள்ளே என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். என் மேலாளர் வரைகோட்டைப் பார்த்தார். "நடுவில் இருக்கிற கம்பி ஓவனோடு சேர்ந்தே இவ்வளவு சீக்கிரம் சூடாகுமா?" என்று மட்டும் கேட்டார். கூண்டைப் பிரித்துப் பார்த்தால், நுனி சுவரிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில் கிடந்தது. ஒழுங்காக மறுபடி ஓட்டியபோது அதே தூள் 200-ஐத் தாண்டி எகிறிவிட்டது.

24 மணி நேரம்

கூண்டைத் தொங்கவிட்டு, ஓவனை 140 டிகிரிக்கு ஏற்றி, அங்கே 24 மணி நேரம் நிறுத்துங்கள். நிமிடத்துக்கு ஒரு அளவு பதிவானால் போதும். ஓவனின் சொந்தக் கட்டுப்பாட்டை மட்டும் நம்பாமல் தனி வெப்பத் துண்டிப்பு ஒன்றை வையுங்கள். தூளின் நடுப்பகுதி 200 டிகிரியைத் தொட்டதும் ஹீட்டர் அணைந்துவிடும்படி அமைத்துவிட்டால் நல்லது. ஓவனைவிட 60 டிகிரி கூடிவிட்டாலே சோதனையின் முடிவு தெரிந்துவிட்டது. அதற்குமேல் அது கொழுந்துவிட்டு எரிவதைப் பார்த்து நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இரவில் ஆளில்லாமல் ஓட்டுவது சகஜம். ஆனால் புதிய பொருளின் முதல் ஓட்டத்தைக் காலையில் தொடங்குங்கள். ஒரு லிட்டர் தூளின் நடுப்பகுதி ஓவன் சூட்டை எட்டவே பல மணி நேரம் ஆகும், ஆட்டம் காட்டுவதென்றால் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் காட்டும். அந்த நேரத்தில் நீங்கள் விழித்திருப்பது நல்லது.

கோடு என்ன சொல்கிறது

எண்ணைவிட வரைகோட்டின் வடிவம் அதிகம் பேசும். ஈரமுள்ள தூள் 100 டிகிரி அருகில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் மேலே ஏறும், தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. அதைக் கண்டு "அடங்கிவிட்டது" என்று ஏமாறாதீர்கள். பிறகு மெல்ல ஏறி ஓவன் கோட்டைத் தொடும். தொட்டு, அதோடு சேர்ந்தே 24 மணி நேரமும் படுத்துக் கிடந்தால் நல்ல செய்தி.

ஓவன் கோட்டைக் கடந்து 165, 170 என்று ஏறி, ஒரு மேடு போட்டு, திரும்ப இறங்கினால் விதிப்படி இதுவும் எதிர்மறை முடிவுதான், 60 டிகிரி ஏறவில்லை. ஆனால் என் அறிக்கையில் அந்த மேட்டைத் தனியாகக் குறிப்பேன். தூள் வினைபுரிகிறது, இந்த அளவில் சூடு தப்பித்துப் போய்விட்டது என்றுதான் அதற்குப் பொருள். இதைவிடப் பெரிய குவியலில் தப்பாமல் போகலாம்.

மூன்றாவது வகை, கடந்த பிறகு கோடு வளைந்து செங்குத்தாக நிமிர்வது. அதைப் பார்த்தால் யாரும் விளக்க வேண்டியிருக்காது. அப்போது ஓவன் தெர்மோகப்பிளும் சேர்ந்து ஏறும். தூள் ஓவனையே சூடாக்குகிறது.

அடுத்த ஓட்டம் எது

பெரிய கூண்டு 140-ல் அமைதியாக இருந்தால் கதை முடிந்தது, 4.2 பிரிவில் சேராது. மீறினால், சின்னக் கூண்டை, 25 மி.மீ., அதே 140-ல் ஓட்டுங்கள். 16 மில்லி தூளே 60 டிகிரி ஏறிவிட்டதென்றால் அது கடுமையான பொருள். பொதியல் தொகுதி (ஆபத்தின் தரம், எண் சிறிதானால் ஆபத்து அதிகம்) இரண்டு, வேறு பேச்சில்லை.

பெரியது மீறி, சின்னது மீறவில்லையென்றால் கேள்வி பொதியின் அளவுக்குப் போகிறது. 3 கன மீட்டருக்கு மேற்பட்ட பொதிகளில் போகிறதென்றால் நேராகத் தொகுதி மூன்று. அதற்குட்பட்ட பொதி என்றால் பெரிய கூண்டை 120 டிகிரியில் மறுபடி ஓட்டலாம், அங்கே அடங்கினால் விலக்கு. அங்கேயும் மீறி, ஆனால் பொதி 450 லிட்டருக்குள்தான் என்றால் 100 டிகிரியில் இன்னொரு வாய்ப்பு. பொதி சிறிதாகச் சிறிதாகச் சோதனைச் சூடும் குறைகிறது. ஆரம்பத்தில் "எவ்வளவு பொடி?" என்று கேட்டேனே, அதை விதிகளும் கேட்கின்றன.

சில பொருள்கள் ஏற்கெனவே பெயர் சொல்லிப் பட்டியலில் இருக்கின்றன. கொப்பரைக்கு ஐ.நா. எண் 1363, செயலூட்டிய கரிக்கு 1362. சாயப் பட்டறைகளில் ஹைட்ரோஸ் என்று கூப்பிடுகிற சோடியம் டைதயோனைட்டுக்கு 1384. ஈரோட்டிலோ திருப்பூரிலோ சாயப் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு ஹைட்ரோஸ் டப்பாவில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பது தெரியும். சூடேறிச் சிதைந்து, மூக்கைத் துளைக்கிற கந்தக டைஆக்சைடைக் கக்கும்.

உள்ளே பற்றிக்கொண்டால்

கதவைத் திறக்காதீர்கள். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து கனன்றுகொண்டிருக்கிற தூளுக்குப் புதுக்காற்று கொடுத்தால் தீ முகத்தில் வந்து அடிக்கும். ஹீட்டரையும் சுழல் விசிறியையும் அணையுங்கள், புகை வெளியேற்றியை ஓடவிடுங்கள். நைட்ரஜன் இணைப்பு இருந்தால் திறந்துவிடுங்கள். நடுக் கம்பி 40 டிகிரிக்குக் கீழே வரும்வரை காத்திருங்கள், அது மறுநாள் காலையாக இருந்தாலும் சரி. கரி வகைகள் வெளியே சாம்பல் பூத்து உள்ளே கங்காக இருக்கும். கூண்டை வெளியே எடுத்ததும் மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, கட்டடத்துக்கு வெளியே வையுங்கள், குப்பைத் தொட்டிக்குள் வேண்டாம். மெக்னீசியம், அலுமினியம் போன்ற உலோகத் தூள் என்றால் தண்ணீரும் கார்பன் டைஆக்சைடும் கிட்டே வரக் கூடாது. உலர்ந்த மணல், அல்லது உலோகத் தீக்கென்றே உள்ள தூளைச் சோதனை தொடங்கும் முன்பே பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

குழப்பிக்கொள்ள வேண்டாத இன்னொரு எண்

ஐரோப்பியப் பதிவு ஆவணங்களில் 'சார்புத் தன்னெரி வெப்பநிலை' என்று ஒரு மதிப்பு இருக்கும். அது ஏ.16 முறை. 20 மி.மீ. கூண்டில் 8 மில்லி தூளை வைத்து, நிமிடத்துக்கு அரை டிகிரி வீதம் 400 டிகிரிவரை ஏற்றிக்கொண்டே போவார்கள். தூளின் நடுப்பகுதி தன் சொந்தச் சூட்டில் 400-ஐத் தொடும் கணத்தில் ஓவன் எத்தனை டிகிரியில் இருந்ததோ, அதுதான் அந்த மதிப்பு. அறை வெப்பநிலையிலிருந்து உச்சிவரை ஏற ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம். பொருள்களை ஒன்றோடொன்று ஒப்பிட நல்ல முறை. ஆனால் அதில் 280 வந்தது என்பதால் உலர்த்தியை 250-ல் ஓட்டலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எட்டு மில்லிக்கு வந்த எண்ணை உலர்த்தியின் மூலையில் மாதக்கணக்கில் படிந்து கிடக்கிற கட்டிக்குப் பொருத்தக் கூடாது. பால் பவுடர் உலர்த்திகளில் தீ பிடிப்பதற்கு இப்படிப் படிந்த அடுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று.

உண்மையிலேயே கிடங்குக்கோ உலர்த்திக்கோ பாதுகாப்பான சூடு வேண்டுமென்றால், மூன்று நான்கு அளவுக் கூண்டுகளில், ஒவ்வொன்றுக்கும் பற்றுகிற, பற்றாத வெப்பநிலைகளின் எல்லையைத் தேட வேண்டும். கொள்ளளவை மேற்பரப்பால் வகுத்த மதிப்பின் மடக்கையை ஒரு அச்சிலும், கெல்வினில் எல்லை வெப்பநிலையின் தலைகீழியை மற்றொரு அச்சிலும் குறித்தால் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் உட்காரும். கோட்டை நீட்டினால் பெரிய குவியலுக்கு என்ன வெப்பநிலை என்று படிக்கலாம். இதற்குப் பின்னாலுள்ள கணிதம் ரஷ்ய விஞ்ஞானி ஃபிராங்க்-கமெனெட்ஸ்கியுடையது. கூண்டு பெரிதாகப் பெரிதாகப் பற்றுவதற்கு எடுக்கும் நேரமும் நீளும். கூண்டில் மணிக்கணக்கு என்றால் கிடங்கில் நாள்கணக்கு, வாரக்கணக்கு. மூட்டை கட்டி ஒரு வாரம் ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது சொன்னால், கட்டும்போது தூள் எத்தனை டிகிரியில் இருந்தது என்று கேளுங்கள்.

அறிக்கையில் மாதிரி தயாரான தேதி, வந்த தேதி, ஈரப்பதம், துகள் அளவு, மொத்த அடர்த்தி, கூண்டு அளவு, ஓவன் வெப்பநிலை, தூளின் அதிகபட்ச வெப்பநிலை, அது வந்த நேரம் எல்லாம் இருக்க வேண்டும். முழு வரைகோட்டையும் இணையுங்கள். மீதி மாதிரியை ஓவன் மேலே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள், அங்கே இரவெல்லாம் வெதுவெதுப்பாக இருக்கும்.